முகம் தெரியாதவர்களிடம் யோசனை கேட்கலாமா?

கேட்டிருப்பது இது: “இரண்டு பேர் சேர்ந்து ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். கூட இருப்பவளோடு பணத் தகராறு. வீட்டில் சொன்னால் ‘அப்பவே சொன்னேனே’ என்பார்கள். நண்பர்களிடம் சொன்னால் நாளைக்கே அவள் காதுக்குப் போய்விடும். இணையத்தில் யாரென்றே தெரியாதவர்களிடம் கேட்கலாமா? கேட்டு உருப்பட்டவர்கள் உண்டா, இல்லை ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லிக் குழப்பிவிடுவார்களா?”

கேட்கலாம். உருப்பட்டவர்களும் உண்டு, இருந்ததையும் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பல வருடமாகப் பதில் எழுதிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் நான் கவனித்தது ஒன்று. இந்த இரண்டு வகை ஆட்களுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அவர்கள் கேட்டதில்தான் இருக்கிறது. “உங்களுக்கு இப்படி நடந்தபோது என்ன செய்தீர்கள்?” என்று அனுபவத்தைக் கேட்டவர்கள் ஏதோ ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். “யார் மேல் தப்பு? நான் என்ன செய்யட்டும்?” என்று தீர்ப்பைக் கேட்டவர்கள் தீர்ப்போடுதான் போகிறார்கள். அதை வைத்துக்கொண்டு மறுநாள் காலை அதே வீட்டில் என்ன செய்வது என்பது அவர்களுக்கு அப்போதும் தெரிவதில்லை.

இது இணையம் வந்த பிறகு முளைத்த பழக்கம் இல்லை. 1691இல் லண்டனில் ஜான் டன்டன் என்ற புத்தக வியாபாரி ‘அதீனியன் மெர்க்குரி’ என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். வாசகர்கள் பெயர் சொல்லாமல் கேள்வி அனுப்பலாம், பதில் அச்சில் வரும். இயற்கை, மதம் என்று கேட்டவர்கள் கூடவே காதலையும் கல்யாணத்தையும் பற்றிக் கேட்டார்கள். பதில் எழுதுபவர்கள் பெரிய அறிஞர் சங்கம் என்று பத்திரிகை காட்டிக்கொண்டது. உண்மையில் டன்டனும் அவரைச் சுற்றியிருந்த இரண்டு மூன்று பேரும்தான் எல்லாவற்றுக்கும் பதில் எழுதினார்கள். 1697 வரை அது ஓடியது. பெயர் தெரியாமல் கேட்பதில் இருக்கும் நிம்மதி, பதில் சொல்பவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை அப்படியே நம்பிவிடுவதில் இருக்கும் ஆபத்து, இரண்டுமே அந்த முதல் பத்திரிகையிலேயே இருந்தன.

தெரிந்தவர்களை விட்டுவிட்டு அந்நியரிடம் போவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908இலேயே இதைச் சொல்லியிருக்கிறார்: வெளியிலிருந்து வந்தவனிடம் மனிதர்கள் தங்களுக்கு நெருக்கமானவர்களிடம்கூட மறைப்பதைக் கொட்டிவிடுவார்கள், ஏனென்றால் அவன் யார் பக்கமும் இல்லை. உங்கள் நிலைமையும் அதுதான். உங்கள் அம்மாவுக்கு உங்களைப் பற்றிய ஒரு முடிவு ஏற்கெனவே இருக்கிறது. பொது நண்பருக்கு இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டிய கட்டாயம் இருக்கிறது. முகம் தெரியாதவருக்கு இரண்டும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. உங்களுக்கு நெருக்கமானவர்களுக்குத் தெரிந்தது ஏறக்குறைய உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரே வட்டத்தில் சுற்றுகிறவர்களிடம் ஒரே சேதிதான் சுற்றும். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரை இந்த விஷயத்தில் ரொம்பப் பிரபலம். தெரிந்தவர் மூலமாகப் புது வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 55.6 சதவீதம், அபூர்வமாகப் பார்ப்பவர் என்றவர்கள் 27.8 சதவீதம். அவர் பேசியது அரைகுறைப் பழக்கம் உள்ளவர்களைப் பற்றி, முழு அந்நியரைப் பற்றி இல்லை. ஆனாலும் காரணம் இங்கேயும் பொருந்தும். உங்கள் வட்டத்தில் யாருக்குமே நடக்காத ஒன்று, வெளியே ஆயிரம் பேருக்கு நடந்து முடிந்திருக்கும்.

கேட்டால் யார் மதித்துப் பதில் சொல்லப்போகிறார்கள் என்ற தயக்கம் எல்லோருக்கும் வருவதுதான். பிரான்சிஸ் ஃபிளின், வனெசா லேக் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், சிலரை, முன்பின் தெரியாதவர்களிடம் நேரில் போய் உதவி கேட்கச் சொன்னார்கள். எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்று முன்கூட்டியே ஊகிக்கவும் சொன்னார்கள். கேட்டவர்களின் ஊகம் நிஜத்தைவிட மிகக் குறைவாக இருந்தது, சில சமயம் பாதி அளவுக்குக் குறைவாக. அடுத்தவருக்கு ‘முடியாது’ என்று சொல்வது எவ்வளவு சங்கடம் என்பதை கேட்கிற இடத்தில் இருக்கும்போது நாம் மறந்துவிடுகிறோம். இணையத்தில் அந்தச் சங்கடம் கிடையாது, சும்மா நகர்ந்து போய்விடலாம். அப்படியிருந்தும் நின்று பத்து வரி எழுதுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். தனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டால் சும்மா இருக்க முடியாத ஜாதி அது, என்னையும் சேர்த்து.

இனி, அந்நியரால் முடியாதது என்ன? உங்கள் வாழ்க்கை அவருக்குத் தெரியாது. நீங்கள் எழுதிய பத்து வரிதான் தெரியும். அவர் பதில் சொல்வது அந்தப் பத்து வரிக்கு. இது கேட்கும்போது சாதாரணமாகத் தெரியும், ஆனால் எல்லாத் தொல்லையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. உங்கள் விஷயத்தையே எடுத்து எழுதிப் பார்ப்போம். கோபத்தில் இருக்கும்போது பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவோம்:

“என்னோடு தங்கியிருப்பவள் பயங்கர சுயநலவாதி. வாடகையை ஒருநாளும் ஒழுங்காகக் கொடுத்ததில்லை. கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு. இனிமேல் அவளோடு பேசவே போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். நான் செய்வது சரிதானே?”

இதற்கு என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். “சரிதான் சகோ, இப்படிப்பட்டவர்களை முதலில் கழற்றிவிடுங்கள்.” அதற்கு நாற்பது லைக். ‘சுயநலவாதி’ என்று நீங்களே தீர்ப்பை முதல் வரியில் எழுதிவிட்டீர்கள், படிப்பவர் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. அவரைக் குறை சொல்ல முடியாது. எத்தனை முறை தாமதம், எத்தனை நாள் தாமதம், ஏன் தாமதம், நீங்கள் என்ன பேசினீர்கள் என்று எதுவுமே அவருக்குக் கொடுக்கப்படவில்லை. ‘சரிதானே’ என்று முடியும் கேள்விக்கு ‘ஆமாம்’ சொல்லிவிட்டுப் போவதுதான் மனித இயல்பு.

அதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

“இரண்டு பேர் சேர்ந்து வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒப்பந்தம் என் பெயரில் மட்டும் இருக்கிறது. கடந்த ஐந்து மாதத்தில் மூன்று முறை அவளுடைய பங்கு பத்து நாளுக்கு மேல் தாமதமாக வந்தது. ஒருமுறை பாதிதான் வந்தது, மீதி இன்னும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் நான் என் கையிலிருந்து போட்டுக் கட்டினேன். ஒரே ஒருமுறை வாயால் சொன்னேன், எழுத்தில் எதுவும் இல்லை. சமீபத்தில் அவள் வேலை மாறினாள். சம்பளத் தேதி தள்ளிப்போய்விட்டது என்கிறாள், அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, அதுவரை வேறு வீடு பார்க்க எனக்கு வசதி இல்லை. நெருங்கிய நட்பு போனாலும் பரவாயில்லை, வீட்டுக்குள் தினமும் சண்டை வேண்டாம். இதே நிலைமையில் இருந்தவர்கள் பணப் பேச்சை எப்படி எடுத்தீர்கள்? எது பலித்தது, எது சொதப்பியது?”

இதில் திட்டு ஒன்றுகூட இல்லை. அவளைப் பற்றி நல்லதாகவும் எதுவும் இல்லை. தேதி, எண்ணிக்கை, நீங்கள் ஏற்கெனவே செய்தது, உங்களால் செய்ய முடியாதது, உங்களுக்குத் தெரியாதது, உங்களுக்கு எது முக்கியம் என்பது, இவை மட்டும் இருக்கின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள். ‘சம்பளத் தேதி தள்ளிப்போய்விட்டது’ என்ற வரி முதல் வடிவத்தில் இல்லவே இல்லை. ஒழுங்காக எழுத உட்கார்ந்தால்தான் இப்படிப்பட்ட வரிகள் வெளியே வரும். வந்ததும் பாதி வழி தெரிந்துவிடும்: வாடகைக் கணக்கு முடிக்கும் தேதியை அவள் சம்பளத்துக்கு மறுநாள் என்று மாற்றிப் பார்க்கலாமா? கேள்வியை எழுதி முடித்ததும் பதிவு போடாமலேயே அழித்துவிட்டவர்கள் ஏராளம். கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிழை எங்கே என்று மேஜைமேல் இருக்கும் ரப்பர் வாத்துக்கு வரிக்கு வரி விளக்கினாலே பிழை பிடிபட்டுவிடும் என்பது அவர்கள் தொழிலில் பழைய வேடிக்கை, பழைய உண்மையும்கூட.

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. இகோர் கிராஸ்மன், ஈதன் கிராஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காதலில் துணை துரோகம் செய்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சிலரிடம் சொன்னார்கள். மற்றவர்களிடம், இது உங்கள் நண்பருக்கு நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நண்பரைப் பற்றி யோசித்தவர்கள் தெளிவாக யோசித்தார்கள்: எனக்குத் தெரியாத பக்கம் இருக்கலாம், அந்த ஆளின் கோணம் என்ன, நடுவழி இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தார்கள். தன் பிரச்சினை என்று யோசித்தவர்களிடம் அந்தத் தெளிவு குறைவு. ஊருக்கெல்லாம் ஞானம் சொன்ன சாலமன் ராஜா தன் சொந்த விஷயத்தில் தடுமாறியதாகச் சொல்லும் கதையை வைத்து இதற்குச் சாலமன் முரண் என்று பெயர் வைத்தார்கள். சுவாரஸ்யம் என்னவென்றால், தன் பிரச்சினையையே மூன்றாம் மனிதருக்கு நடந்ததுபோல விலகி நின்று பார்க்கச் சொன்னதும் அந்த வித்தியாசம் காணாமல் போனது. அந்நியருக்காக எழுதும்போது உங்களை அறியாமல் இதைத்தான் செய்கிறீர்கள். சில நேரம் அந்நியரின் பதிலைவிட அந்நியருக்கு எழுதியதுதான் அதிக உதவி.

கேட்பதில் நடக்கும் இன்னொரு கோளாறு, உண்மையான கேள்வியை விட்டுவிட்டு நாமே கண்டுபிடித்த வழியைப் பற்றிக் கேட்பது. “கூடத் தங்கியிருப்பவர் அறைக்கு வெளியிலிருந்து பூட்டுப் போடுவது எப்படி?” என்று ஒருவர் கேட்டால் பூட்டு வகைகளைப் பற்றி முப்பது பதில் வரும். அவருடைய நிஜப் பிரச்சினை அந்த ஆள் இவர் சாமான்களை எடுத்துப் பயன்படுத்துவதாக இருக்கும். பூட்டு என்பது அவர் மனதில் தோன்றிய தீர்வு, அதுவும் வம்பில் முடியும் தீர்வு. அதனால் இரண்டையும் எழுதுங்கள்: நடப்பது இது, நான் யோசித்திருக்கும் வழி இது. நல்ல பதில்காரர்கள் முதலாவதைப் பிடித்துக்கொள்வார்கள்.

அடையாளத்தை மறைப்பது பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆளைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பெயர் இல்லை, சேர்க்கைதான். வயது, வேலை, எத்தனை மாதமாகச் சேர்ந்து இருக்கிறீர்கள், போன வாரம் நடந்த சண்டை என்று நான்கும் ஒரே பதிவில் இருந்தால் அவளுக்குத் தெரிந்த எவரும் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பிரச்சினைக்குத் தேவையில்லாத விவரங்களை மாற்றிவிடுங்கள், தேவையானதை மாற்றாதீர்கள். தோழியின் தொழிலை மாற்றினால் பதில் மாறாது. ஒப்பந்தம் யார் பெயரில் என்பதை மாற்றினால் பதிலே வேறாகிவிடும். எப்போதும் பயன்படுத்தும் ஐடியிலிருந்து போடாதீர்கள், அதே ஐடியில் நீங்கள் முன்பு எழுதிய அத்தனையையும் ஒரு தட்டலில் பார்க்க முடியும். போட்டோ போடுவதாக இருந்தால் போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த நேரமும், லொகேஷன் ஆனில் இருந்தால் இடமும் பதிவாகியிருக்கும். சில தளங்கள் அதை நீக்கிவிடும், சில நீக்காது. அவள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுவதை நான் எந்த நிலையிலும் ஆதரிக்க மாட்டேன். அது அவள் உங்களுக்கு மட்டும் எழுதியது. சாரத்தைச் சொன்னால் போதும்.

அழித்துவிட்டால் போயிற்று என்ற நம்பிக்கையும் வேண்டாம். 1980களில் யூஸ்நெட் என்ற வலையமைப்பில் எழுதியவர்கள், சில வாரத்தில் மறைந்துவிடும் பேச்சு என்று நினைத்துத்தான் எழுதினார்கள். பிறகு அந்தப் பழைய செய்திகளின் சேமிப்பு கூகுள் கைக்கு வந்தது. 1981 வரை பின்னோக்கிப் போய் எவரும் தேடிப் படிக்கலாம் என்றானது. தலைகீழாகவும் நடக்கும். 2005இல் தொடங்கிய யாஹூ ஆன்சர்ஸ் 2021 மே மாதம் மூடப்பட்டது, அங்கே பதினாறு வருடமாகச் சேர்ந்த கேள்வி பதில்கள் தளத்தோடு போயின. எது நிற்கும், எது போகும் என்பது உங்கள் கையில் இல்லை. பிடித்த பதிலை அன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வந்தால் தலைகுனிவு என்று நினைப்பதை எழுதவே எழுதாதீர்கள்.

பதில் வர ஆரம்பித்த பிறகுதான் நிஜமான வேலை. முதலில், மேலே நிற்கும் பதில்தான் நல்ல பதில் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். லெவ் முச்னிக், சினான் அரால், ஷான் டெய்லர் மூவரும் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு செய்திப் பகிர்வுத் தளத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கமெண்டுகளை எடுத்து, உள்ளடக்கத்தைப் பார்க்காமல், சிலவற்றுக்குச் சும்மா ஒரு ஆதரவு ஓட்டுப் போட்டுவிட்டார்கள். அந்தக் கமெண்டுகளுக்குச் செய்தது அவ்வளவுதான். அடுத்து வந்து பார்ப்பவர் அதற்கு ஆதரவு ஓட்டுப் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது, கடைசியில் அந்தக் கமெண்டுகளின் மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் அதிகமாக இருந்தது. நாற்பது லைக் வாங்கிய பதிலில் பாதி, முதல் ஐந்து நிமிடத்தில் வந்த பதில் என்பதற்காகவே வாங்கியதாக இருக்கலாம். சீக்கிரம் எழுதியவர் யோசித்து எழுதியவராக இருப்பது அபூர்வம்.

“ஆனால் கூட்டத்தின் அறிவு என்று ஒன்று உண்டே” என்று சிலர் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியை இழுப்பார்கள். 1907இல் அவர் எழுதியது இது: ஒரு கண்காட்சியில், ஒரு மாட்டை வெட்டிச் சுத்தம் செய்த பிறகு எவ்வளவு எடை இருக்கும் என்று ஊகிக்கும் போட்டி. 787 சீட்டுகளை வரிசைப்படுத்தி நடுவில் வந்த எண்ணை எடுத்தால் 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198 பவுண்டு. அசத்தல்தான். அங்கே ஒவ்வொருவரும் மாட்டைத் தன் கண்ணால் பார்த்தார்கள். அடுத்தவன் என்ன எழுதினான் என்று பார்க்காமல் எழுதினார்கள். கடைசியில் சரிபார்க்க ஒரு தராசு இருந்தது. உங்கள் கேள்விக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. மாட்டை ஒருவரும் பார்க்கவில்லை, நீங்கள் வரைந்த படத்தைத்தான் பார்க்கிறார்கள். முந்தைய கமெண்டைப் படித்துவிட்டுத்தான் அடுத்தவர் எழுதுகிறார். தராசும் கிடையாது. அதனால் ‘எண்பது பேர் பிரிந்துவிடச் சொல்கிறார்கள்’ என்பதை எண்பது சாட்சியாக எண்ணாதீர்கள். ஒரே பதிலை எண்பது பேர் திருப்பிச் சொல்வதாகவும் இருக்கலாம். எண்ணிக்கையைப் பார்க்காமல், ஒரு பதிலில் மட்டும் வந்து வேறு எதிலும் வராத விவரம் எது என்று தேடுங்கள்.

மேலே இரண்டாவதாக எழுதிய கேள்விக்கு என்ன மாதிரிப் பதில்கள் வரக்கூடும் என்று, இதே வகைக் கேள்விகளில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். ஒருவர் எழுதுவார்: “உங்களுக்குச் சுயமரியாதை இருந்தால் இன்றைக்கே வெளியே போகச் சொல்லுங்கள்.” ஏழு மாதம், வேறு வீடு பார்க்க வசதி இல்லை என்று நீங்கள் எழுதியதை அவர் படிக்கவில்லை. தாண்டிப் போகலாம். இன்னொருவர்: “எங்களுக்கும் இதே கதை. கணக்குத் தேதியைச் சம்பளத்துக்கு மறுநாள் என்று மாற்றினோம். இரண்டு மாதம் சரியாகப் போனது, மூன்றாம் மாதம் பழையபடி. பிறகு ஒரு மாதப் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டோம், அதற்கு அப்புறம் சண்டை இல்லை.” இது தங்கம். செய்தது, பலிக்காதது, பிறகு மாற்றியது என்று மூன்றும் வரிசையாக இருக்கின்றன. தோல்வியையும் சேர்த்துச் சொல்கிறவரை நான் நம்புவேன். மூன்றாவது ஆள் பதிலே சொல்லாமல் கேட்பார்: “ஒப்பந்தம் உங்கள் பெயரில் மட்டும்தானே? அப்படியானால் அவள் கொடுக்காவிட்டால் வீட்டுக்காரர் முழுத் தொகையையும் உங்களிடம்தான் கேட்பார். அவள் இங்கே தங்கியிருப்பதற்கும் இவ்வளவு தருவதாக ஒப்புக்கொண்டதற்கும் எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?” லைக் ஒன்றுகூட இருக்காது. எனக்கு இதுதான் முதல் இடம். நீங்கள் மரியாதைப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் பொறுப்புப் பிரச்சினை என்பதை அவர் ஒரே கேள்வியில் காட்டிவிட்டார். அவருக்கு உடனே மறுபதில் எழுதுங்கள். இப்படிக் கேட்டவரைக் காத்திருக்க வைத்தால் அவர் போய்விடுவார்.

நடுவில் யாராவது உங்கள்மேலும் தப்பு இருக்கிறது என்பார். “ஒருமுறைதான் சொன்னீர்களா? ஐந்து மாதம் சும்மா இருந்துவிட்டு இப்போது வெடித்தால் அவளுக்கு எப்படித் தெரியும்?” கோபம் வரும். மற்றவர்கள் வந்து அவரைத் திட்டுவார்கள், உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். அன்று இரவு மற்ற எல்லாப் பதிலையும் விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் திரும்பப் படியுங்கள். அவர் சொன்ன விதம் முரட்டுத்தனமாக இருக்கலாம், சொன்ன விஷயத்தைத் தனியாக எடுத்துப் பார்க்க முடியுமா என்று பாருங்கள்.

இப்போது மனிதர் எழுதாத பதில்களும் கலந்து வருகின்றன. செயற்கை நுண்ணறிவிடம் கேள்வியைக் கொடுத்து வந்ததை அப்படியே ஒட்டிவிட்டுப் போகிறார்கள். 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்த சில நாளிலேயே, நிரல் எழுதுகிறவர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃபுளோ தளம் அப்படிப்பட்ட பதில்களுக்குத் தடை போட்டது, சரிபோலத் தெரிந்து தப்பாக இருக்கும் பதில்கள் குவிந்ததால். வாழ்க்கைக் கேள்விகளில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: வழவழவென்று எல்லாப் பக்கமும் நியாயம் சொல்லும், ஆனால் எழுதியவருக்கு என்ன நடந்தது என்று ஒரு வரிகூட இருக்காது. அந்த மாதிரி யோசனை வேண்டுமென்றால் நீங்களே நேராக அதைக் கேட்டுக்கொள்ளலாமே. அந்நியரைத் தேடி வந்ததே நடந்து முடிந்தவர்களின் கதைக்காகத்தான்.

சில கேள்விகளை இந்த வழியில் கேட்கவே கூடாது. சட்டம் நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாடகை விஷயத்தில் எங்கேயோ இருக்கும் ஒருவர் “இது உங்கள் உரிமை, பூட்டை மாற்றிவிடுங்கள்” என்பதைக் கேட்டுச் செய்தால் வழக்கு உங்கள்மேல் வரலாம். அந்நியரிடம் ‘இதை எங்கே விசாரிக்க வேண்டும், என்ன ஆவணம் எடுத்துப் போக வேண்டும்’ என்று கேட்பது சரி, முடிவை உள்ளூரில் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள். உடம்புக்கும் அப்படியே. நெஞ்சுவலியோ திடீர் மரத்துப்போதலோ வந்திருக்கும்போது பதிவு போட்டுக் காத்திருப்பதில் போகும் நிமிடங்கள் திரும்பக் கிடைக்காது. கூட இருப்பவர் அடிக்கிறார், பின்தொடர்கிறார் என்றால் பொதுவெளியில் எழுதுவதே ஆபத்தைக் கூட்டலாம், அந்த ஆளும் படிக்கக்கூடும். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் இரவில் முகம் தெரியாத கூட்டத்தின் நடுவில் போய் நிற்காதீர்கள், அங்கே கொடூரமான ஒரு ஆளும் இருப்பான். உதவி எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது நம்பும் ஒருவரை எழுப்புங்கள், எந்நேரமானாலும் சரி.

இன்பாக்ஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பொதுவில் பதில் சொல்லாமல் தனிச் செய்தியில் வருகிறவர்களில் நல்லவர்களும் உண்டு. ஆனால் பணம் போய்விட்டது, மனது உடைந்துவிட்டது என்று எழுதியவர்களைத் தேடிப் பிடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். “உங்கள் பதிவைப் பார்த்தேன், எனக்கும் இதே நடந்தது, இவர்தான் என் பணத்தை மீட்டுக் கொடுத்தார், இந்த எண்ணில் பேசுங்கள்” என்று வரும். பேசினால் முதலில் ஒரு சின்னக் கட்டணம் கேட்பார்கள், பிறகு வரி என்பார்கள், பிறகு இன்னொன்று. ஏமாந்தவரை இரண்டாவது முறை ஏமாற்றும் இந்த வேலை உலகம் முழுக்க நடக்கிறது. நல்ல யோசனை சொல்ல வந்தவருக்கு அதைப் பொதுவில் சொல்வதில் என்ன தயக்கம்? அங்கேயே எழுதச் சொல்லிப் பாருங்கள், பாதிப்பேர் மறைந்துவிடுவார்கள்.

எவ்வளவு நேரம் இதில் இருப்பது என்பதையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் கேட்டு, பிடிக்காத பதில் வந்ததும் வேறு குழுவில் கொஞ்சம் மாற்றிக் கேட்டு, அங்கேயும் பிடிக்காமல் மூன்றாவது இடத்துக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் கேள்வியிலிருந்து ஒரு சங்கடமான வரி கழன்று விழும், கடைசியில் அவர் விரும்பிய பதில் கிடைத்துவிடும். இதற்கு அந்நியர்களே தேவையில்லை. என் யோசனை: ஒரு இடம், இரண்டு நாள். அதற்குள் வந்தவற்றில் உங்கள் நிலைமையில் செய்யக்கூடியது எதுவோ அதை எடுத்துக்கொண்டு, அவளிடம் நேரில் பேசப் போங்கள். அவள் பக்கத்து விவரம் ஆயிரம் அந்நியரிடமும் கிடைக்காது, சமையலறையில் நின்றுகொண்டிருக்கும் அந்த ஒருத்தியிடம்தான் இருக்கிறது.

முடிந்த பிறகு ஒரு வேலை பாக்கி. நீங்கள் ஏதாவது ஒரு தொல்லையைத் தேடியபோது, அச்சு அசலாக அதே கேள்வியை நாலு வருடத்துக்கு முன் யாரோ கேட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆவலாகக் கீழே போனால் கடைசி வரி: “பிரச்சினை தீர்ந்துவிட்டது, அனைவருக்கும் நன்றி.” எப்படித் தீர்ந்தது என்று எழுதியிருக்க மாட்டார். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு மாதம் கழித்து அதே பதிவின் கீழே வந்து, யார் சொன்னதைச் செய்தீர்கள், அவள் என்ன சொன்னாள், தேதி மாற்றியது நின்றதா, மீதித் தொகை வந்ததா என்று எழுதுங்கள். பலிக்காமல் போயிருந்தாலும் எழுதுங்கள், முக்கியமாக அப்போது எழுதுங்கள்.